மனநோயும் போதைப் பழக்கமும்: கூட்டுறவு அங்கத்தினர் அறிய வேண்டுவன

இப்பத்திரிகையில் வழக்கமாக நூல் விலை, உரப் பங்கீடு, கடன் தவணை, பயிர்க் காப்பீடு முதலிய விஷயங்களே எழுதப்படுகின்றன. மனநோயைப் பற்றிய கட்டுரைக்கு இங்கே என்ன இடம் என்று அங்கத்தினர் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சங்கத்தின் பேரேட்டிலேயே இருக்கிறது.

சங்கங்களைப் பார்வையிடும்போது ஒரு வகைக் கணக்கு அடிக்கடி கண்ணில் படுகிறது. பத்து ஆண்டுகளாகக் கெடு தவறாமல் தவணை செலுத்தி வந்த ஒருவர் திடீரென்று பாக்கிதாரராகிறார். அவ்வாண்டு மழை பொய்க்கவில்லை. வாழைத்தாரின் விலையும் வீழவில்லை. அடுத்த வயல்காரர் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். நெசவாளர் சங்கமாயின், வாரந்தோறும் துணி கொண்டுவந்து கொடுத்தவர் மாதம் ஒரு முறை கூட வருவதில்லை. கொடுத்த பாவு தறியிலேயே கிடக்கிறது. நிர்வாகிகள் இதற்கு எழுதும் காரணம் பெரும்பாலும் ஒரே சொல்தான்: "சோம்பல்". சிலரைப் பற்றி "குடி" என்று எழுதுகிறார்கள். அடுத்தது நோட்டீஸ், அதற்கடுத்தது ஜாமீன்தாரை நெருக்குதல். அந்த மனிதருக்கு ஒரு நோய் வந்திருக்கலாம், அதற்கு மருந்தும் இருக்கலாம் என்ற எண்ணம் எவருக்கும் தோன்றுவதில்லை. அந்த எண்ணம் தோன்றினால் ஒரு கடன் மட்டுமன்று, சில வேளைகளில் ஓர் உயிரும் தப்பும். இக்கட்டுரையின் நோக்கம் அவ்வளவே.

மனநோய் என்பது யாது?

இருமல் நுரையீரலின் குறி. மஞ்சள் கண் கல்லீரலின் குறி. அவ்வாறே எண்ணம், உணர்ச்சி, உறக்கம், நடத்தை ஆகியவற்றில் தோன்றி, நீடித்து, ஒருவரின் வேலையையும் குடும்ப வாழ்வையும் கெடுக்கும் மாறுதல்களை மனநோய் என்கிறோம். துக்கம் நோயாகாது. மகசூல் போனால் வருந்துவது மனித இயல்பு. அவ்வருத்தம் வாரக்கணக்கில் நீங்காமல் உணவையும் உறக்கத்தையும் உழைப்பையும் விழுங்கும்போதுதான் அது நோயாகிறது.

இது அரிதான விஷயமும் அன்று. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிலையம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வொன்றை நடத்தியது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. வயதுவந்தோரில் 100க்கு ஏறக்குறைய 10 பேருக்கு ஏதேனும் ஒரு மனக்கோளாறு இருப்பதாக அவ்வாய்வு கண்டது. அந்த விகிதம் இங்கும் பொருந்துமானால், 500 அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்தில் 50 பேர் என்றாகிறது. நோயுற்றோரில் பெரும்பகுதியினர், நோயின் வகைக்கேற்ப 100க்கு 70 முதல் 92 பேர் வரை, யாதொரு சிகிச்சையும் பெறாமலே இருப்பதாகவும் அதே ஆய்வு கூறிற்று.

மனநோய்கள் பல. அவற்றுள் முக்கியமான நான்கினை மட்டும் இங்கே விளக்குவோம்.

முதலாவது மனச்சோர்வு. இரண்டு வாரத்திற்கு மேல் மனம் இருண்டு கிடத்தல், எதிலும் விருப்பமின்மை, அதிகாலையிலேயே விழித்துக்கொண்டு மீண்டும் உறங்க இயலாமை, பசியின்மை, அசதி, "என்னால் எல்லோருக்கும் பாரம்" என்ற எண்ணம் ஆகியவை இதன் குறிகள். நம் கிராமத்தார் "மனம் சோர்ந்திருக்கிறது" என்று டாக்டரிடம் சொல்வதில்லை. "நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது" என்றே சொல்வார்கள். பல பரிசோதனைகள் செய்தும் உடலில் குறை காணப்படாவிடில், மனத்தையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். பிரசவித்த தாய்மாருக்கும் இந்நோய் வருவதுண்டு. அதைப் பேய் பிடித்ததாக எண்ணி நாள் கடத்துவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகும்.

இரண்டாவது பதற்ற நோய். காரணமின்றி அச்சம், வியர்வை, மூச்சு முட்டல், இப்போதே மாரடைத்து இறந்துவிடுவோம் என்னும் பீதி ஆகியன இதில் தோன்றும்.

மூன்றாவது மனச்சிதைவு. நாம் "சித்தப்பிரமை" என்றும், இரக்கமில்லாமல் "பைத்தியம்" என்றும் அழைப்பது பெரும்பாலும் இதனையே. அருகில் யாருமில்லாதபோது காதில் குரல் கேட்டல், உற்றாரே தனக்கு நஞ்சு வைக்கிறார்கள் என்று ஐயுறுதல், தனக்குள் பேசுதல், குளியாமல் ஒதுங்கியிருத்தல் முதலியன இதன் அடையாளங்கள். பெரும்பாலும் இளமைப் பருவத்தில் தொடங்குகிறது. வளர்ப்புக் குற்றத்தாலோ பாவத்தாலோ இது வருவதில்லை.

நான்காவது இருமுனை நோய். சில காலம் அளவு கடந்த உற்சாகம், தூக்கமே தேவைப்படாமை, வரம்பில்லாத செலவு. பிறகு சில காலம் ஆழ்ந்த சோர்வு. உற்சாகக் காலத்தில் வாங்கிய கடனைச் சோர்வுக் காலத்தில் அடைக்க முடியாமல் திணறுபவரைச் சங்கம் ஏமாற்றுக்காரர் என்று எண்ணிவிடக் கூடும்.

காக்காய் வலிப்பு மனநோய் அன்று. அது மூளை நரம்புகளின் நோய். அதற்கும் நல்ல மருந்துகள் உள்ளன.

பழக்கம் எவ்வாறு நோயாகிறது?

நம் பக்கத்தார்க்குப் பனையைக் கொண்டே இதனை விளக்கலாம். ஒரே பாளையில் வடியும் சாறுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதனீர்; காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லையேல் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிறது. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சாற்றின் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தை உண்டாக்குகின்றன. கள், சாராயம், பிராந்தி, பீர் என்று பெயர்கள் பலவாயினும், உள்ளிருந்து வேலை செய்யும் பொருள் இந்த ஒரே சாராயச் சத்துதான். "பீர் மதுவன்று" என்பதும், "கள் உணவு" என்பதும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளும் பேச்சு.

நம் மூளையில் இன்பத்தை உணர்த்தும் நரம்புப் பாதை ஒன்று உண்டு. பசித்தவன் உண்ணும்போதும், பிரிந்த மகனைக் காணும்போதும் அங்கே டோபமைன் என்னும் இரசாயனப் பொருள் சுரக்கிறது. "இது நல்லது, மீண்டும் செய்" என்று அது மூளைக்குக் கற்பிக்கிறது. மதுவும் புகையிலையும் கஞ்சாவும் அபினும் இப்பாதையைக் குறுக்கு வழியில் தூண்டுகின்றன. நாளடைவில் மூளை இதற்குப் பழகிப் போகிறது. முன்பு ஒரு குவளையில் கிடைத்த கிறக்கத்திற்கு இப்போது மூன்று குவளை வேண்டும். சோறும் பிள்ளையும் திருவிழாவும் அளித்த சாதாரண இன்பங்கள் மங்கிவிடுகின்றன. இன்பத்திற்காகக் குடிக்கத் தொடங்கியவர் துன்பம் தீரக் குடிக்கிறார்.

அடுத்த படி இன்னும் கடுமையானது. மது மூளையை அமுக்குகிறது. மூளையோ அதனை எதிர்த்து நிமிர முயல்கிறது. பாரவண்டியை மேட்டில் இழுத்துப் பழகிய காளை, பாரம் திடீரென்று அவிழ்ந்தால் தலைகுப்புற முன்னே பாயும் அல்லவா? அதுபோல, தினமும் மிகுதியாகக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால், சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் சிலருக்கு அறிவு தடுமாறி, இல்லாத பூச்சிகளும் உருவங்களும் கண்ணில் தெரியும். இந்நிலை உயிருக்கே ஆபத்தானது. ஆகையால், நெடுங்காலம் தினமும் குடித்தவரை வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தச் செய்வது தவறு. ஆஸ்பத்திரியில் வைத்து, தகுந்த மருந்தும் தையமின் என்னும் பி-1 வைட்டமினும் கொடுத்து, சில நாட்களில் பத்திரமாக நிறுத்தலாம்.

இனி, அடிமைப்பட்டவரை அறிவதெப்படி? குடிக்க வேண்டும் என்ற அடங்காத வேட்கை, தொடங்கினால் அளவோடு நிறுத்த இயலாமை, நாளுக்கு நாள் அளவு கூடுதல், நிறுத்தினால் நடுக்கம், மற்றக் கடமைகளைக் கைவிடுதல், கேடு என்று தெரிந்தும் தொடர்தல். இவற்றுள் சில சேர்ந்து நீடித்துக் காணப்பட்டால் அது நோயே. ஒழுக்கக் குறைவு என்று வைது பயனில்லை. வைதால் திருந்துவது நோயானால், நம் ஊர்களில் இந்நோயே இராது.

புகையிலையைப் பற்றியும் ஒரு சொல். நம் ஆத்தூர் வெற்றிலைக்கு நாடெங்கும் பெயர் உண்டு. வெற்றிலை வேறு, அதனோடு சேர்க்கும் புகையிலை வேறு. புகையிலையின் நிக்கோட்டின் மதுவைப் போலவே அடிமைப்படுத்துவது. வாய்ப்புற்றுக்கு அதுவே பெருங்காரணம். பாக்கும் புற்று உண்டாக்கும் பொருளே என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் முடிவு கூறியது.

இரண்டும் கைகோத்து வருதல்

மனநோயும் போதைப் பழக்கமும் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு வருவது அடிக்கடி உண்டு. உறக்கம் வராத சோர்வு நோயாளி உறக்கத்திற்காகக் குடிக்கிறார். அந்த மது நள்ளிரவில் உறக்கத்தைக் கலைத்து, மறுநாள் சோர்வை இரட்டிப்பாக்குகிறது. ஆகவே ஒன்றை மட்டும் வைத்தியம் செய்து மற்றொன்றை விட்டால் இரண்டும் திரும்பி வரும்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நேர்ந்ததை ஏரல் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டு ஏரல் கடைவீதிக்குள் புகுந்தது; வாழைத் தோட்டங்கள் மூழ்கின; ஊர் சில நாட்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. சேதக் கணக்கில் வாழையும் கடைச் சரக்கும் வீடும் எழுதப்பட்டன. மழை ஓசை கேட்டாலே திடுக்கிட்டு எழுவதும், இரவெல்லாம் ஆற்றை எட்டிப் பார்ப்பதும் எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. இத்தகைய பேரிடருக்குப் பின் முதற் சில வாரங்களில் அச்சமும் உறக்கக் கேடும் இயல்பு. பெரும்பாலோர்க்கு அவை தாமே அடங்கும். ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்தாலோ, மறப்பதற்காகக் குடி தொடங்கினாலோ, அப்போது டாக்டரிடம் காட்டுதல் அவசியம். 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் நம் கடற்கரைக் கிராமங்களில் உள்ளூர்த் தொண்டர்களுக்கே பயிற்சி தந்து, வீடு வீடாகச் சென்று மன ஆறுதல் அளிக்கச் செய்தார்கள். இவ்வேலைக்குப் பெரிய படிப்பைவிடப் பொறுமையாகக் கேட்கும் செவியே முதல் தேவை என்பதை அவ்வனுபவம் காட்டிற்று.

நம் நாட்டுச் சரித்திரம்

சென்னையில் 1794இல் வாலண்டைன் கானலி என்னும் வைத்தியர் மனநோயாளிகளுக்கென ஒரு விடுதியை நடத்தத் தொடங்கினார். பின்னர் அரசாங்கத்தின் மனநோய் ஆஸ்பத்திரி 1871இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. நெடுங்காலம் அது நோயாளரை அடைத்து வைக்கும் இடமாகவே கருதப்பட்டது. 1961இல் அதன் தலைமைப் பொறுப்பேற்ற டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநோய் வைத்தியர். நோயாளி குணமாகி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதே அவர் கொண்ட குறிக்கோள். 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையமான ஸ்கார்பை அவர் தோற்றுவித்தார்.

மருந்துகளின் வரலாற்றிலும் நம் நாட்டிற்குப் பங்குண்டு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் மனக்கொந்தளிப்பை அடக்குவதைக் கணநாத் சென், கார்த்திக் போஸ் என்ற இரு வங்காள வைத்தியர்கள் 1931இல் எழுதி வெளியிட்டார்கள். அவ்வேரிலிருந்து 1952இல் ரிசர்ப்பின் என்னும் மருந்து பிரிக்கப்பட்டது. அதே 1952இல் பாரிஸ் நகரில் குளோர்ப்ரோமசின் மனநோயாளர்க்குப் பயன்படுத்தப்பட்டது. விலங்கிலிருந்து நோயாளிகளை விடுவித்ததில் இம்மருந்துகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று இவற்றினும் சிறந்த மருந்துகள் வந்துவிட்டன.

எனினும் விலங்கு எல்லா இடத்திலும் அறுபடவில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்கா அருகே இருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தபடியால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. அந்தக் குடும்பங்கள் கொடியவர்களல்லர். ஊரில் வைத்தியம் இல்லாமல், வெட்கத்திற்கும் அஞ்சி, தொலைவில் கொண்டுபோய் விட்டவர்கள். பிற்பாடு அரசாங்கம் ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கும் ஏற்பாட்டைச் செய்தது. கோவிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோவிலுக்கும் போகலாம். மன ஆறுதல் கிடைக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போதல் ஆகாது என்பதே அறிய வேண்டுவது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29 முதல் அமலில் உள்ளது. மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று அது தடுக்கிறது. அரசாங்கச் செலவில் நடக்கும் மனநல வைத்தியத்தைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. உடல் நோய்க்கு உள்ளதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு இருத்தல் வேண்டும் என்கிறது. தன்னுயிரைப் போக்கிக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொண்டு, தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை அளிக்கச் சொல்கிறது. எனவே போலீஸுக்கு அஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லாமல் மறைத்தல் வேண்டியதில்லை.

மதுவின் சரித்திரம் யாவரும் அறிந்ததே. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ராஜாஜி 1937 அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948 அக்டோபர் 2 முதல் அது சென்னை மாகாணம் முழுமைக்கும் பரவியது. கள்ளிறக்கிய மக்களின் பிழைப்புக்காக அப்போது பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன என்பது நம் இயக்கத்தின் பெருமைகளில் ஒன்று. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. பின்னர் மாறி மாறி வந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் அமைந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. கடை இருக்கலாமா கூடாதா என்பது மக்கள் மன்றம் தீர்க்க வேண்டிய விஷயம். கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், ஏற்கனவே அடிமைப்பட்டவருக்குச் சிகிச்சை வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை.

டில்லி எய்ம்ஸ் நிலையம் 2019இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரை உள்ளோரில் 100க்கு 14.6 பேர், அதாவது சுமார் 16 கோடி மக்கள், மது அருந்துகிறார்கள். மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்தார். மற்ற 37 பேருக்கும் வசையும் அடியும் கயிறு கட்டலும் மட்டுமே கிடைத்தன போலும்.

குணமாகுமா?

ஆகும். சோர்வு நோய்க்கும் பதற்றத்திற்கும் பேச்சு வைத்தியமும் மாத்திரையும் உண்டு. சோர்வு நோய் மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் பிடிக்கும். நான்கே நாளில் பயனில்லை என்று தூக்கி எறிவதும், சற்றுத் தெளிந்தவுடன் நிறுத்துவதும் பெரும் பிழைகள். அம்மாத்திரைகள் போதையூட்டுவன அல்ல. கடையில் தாமாக வாங்கி விழுங்கும் தூக்க மாத்திரைகளே பழக்கமாகக் கூடியவை. அவற்றை டாக்டர் சொல்லின்றித் தொடவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. மனச்சிதைவு, இருமுனை நோய் உடையோரும் மருந்தை ஒழுங்காக உட்கொண்டு தொழிலுக்குத் திரும்புவது சாத்தியமே.

குடிநோய்க்கு முதலில் உடலைத் தெளிவித்தல், பிறகு வேட்கையைக் குறைக்கும் மருந்து, அதனோடு ஆலோசனை, கடைசியாக நெடுநாள் துணை என நான்கு படிகள். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். பட்டணத்தில் மட்டும் நில்லாமல், மஞ்சக்குடி போன்ற கிராமத்திலும் முகாம் அமைத்து, ஊராரின் துணையோடு குடிநோயாளர்க்குச் சிகிச்சை அளித்தது அந்நிலையம்.

இன்னொரு வழி நம் இயக்கத்தாருக்கு மிக நெருக்கமானது. 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் இரு குடிநோயாளர் சந்தித்து, ஒருவர்க்கொருவர் துணையாக நின்று குடியை விட்டனர். அதுவே "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" என்னும் உலக இயக்கமாயிற்று. சந்தாக் கட்டாயம் இல்லை. பெயர் வெளியிடுதல் இல்லை. உயர்வு தாழ்வு இல்லை. தனித்து நின்று முடியாததைக் கூடி நின்று முடிப்பது என்பதுதான் 1844இல் ராச்டேல் நெசவாளர் கண்ட தத்துவமும். மீண்டும் ஒரு முறை வழுக்கி விழுந்தவரை அவர்கள் விலக்குவதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் நாம் பாவையே அறுத்து எறிகிறோமா? முடிச்சிட்டு மேலே நெய்கிறோம்.

பூச்சி மருந்தும் சங்கத்தின் பொறுப்பும்

விவசாயச் சங்கங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கிராமங்களில் பலர் உயிரிழப்பது நெடுநாள் எண்ணித் துணிந்தல்ல. ஒரு சண்டையின் சூட்டில், ஒரு போதையின் மயக்கத்தில், கைக்கெட்டிய தூரத்தில் விஷம் இருந்த காரணத்தால். அந்த ஒரு மணி நேரம் கடந்திருந்தால் அவர்களில் பலர் இன்றும் உயிரோடிருப்பர்.

இலங்கையில் 1995ஆம் ஆண்டு வாக்கில் தற்கொலை விகிதம் லட்சத்திற்கு 47 என்னும் உச்சத்தை எட்டியது. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அந்நாடு படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அவ்விகிதம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. நெல் மகசூலும் அதனால் குறையவில்லை. நம் மாநிலத்தில், டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தோற்றுவித்த ஸ்நேகா அமைப்பினர், காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினர். பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவிடத்தில் வங்கிப் பெட்டகம் போன்ற தனித்தனிப் பெட்டிகளில் பூட்டி வைக்கச் செய்தனர். அவ்வூர்களில் உயிரிழப்பு ஒப்பிட்ட ஊர்களைவிடக் குறைந்ததாக 2013இல் வெளியிட்டனர். சோதனை சிறியதே, எனினும் கருதத்தக்கது. இலங்கையில் 180 கிராமங்களில் வீட்டுக்குள்ளேயே பூட்டும் பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை பயனளிக்கவில்லை என்று 2017இல் தெரிய வந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சாவி வீட்டிலேயே இருக்கும் பூட்டு போதாது, மருந்தே வீட்டை விட்டு அகன்றிருத்தல் நலம் என்று தோன்றுகிறது. சங்கத்திற்குக் கிடங்கு இருக்கிறது, காவலும் இருக்கிறது. இதனைச் செய்ய நம்மைவிடத் தகுந்தவர் யார்?

சங்கங்கள் செய்யத் தக்கவை

1. ஒழுங்காக இருந்த அங்கத்தினர் திடீரென்று தவணை தவறினால், நோட்டீஸுக்கு முன் நிர்வாகி ஒருவர் வீட்டிற்குச் சென்று விசாரிக்க வேண்டும். "உறக்கம் எப்படி? சாப்பாடு எப்படி?" என்ற இரு கேள்விகளே போதும் கதவு திறக்க.

2. நோயென்று தெரிந்தால், உபவிதிகளுக்கு உட்பட்டுத் தவணையைத் தள்ளி அமைக்க வழியுண்டா என்று ஆராய வேண்டும். பாக்கிதாரர் பெயரை ஊர் நடுவே வாசித்து அவமதித்தல் கூடாது. அவமானம் கடனை வசூலிப்பதில்லை. சில வேளை ஆளையே போக்கிவிடுகிறது.

3. வாரக் கூலியைக் கையில் ரொக்கமாகத் தராமல் வங்கிக் கணக்கில் செலுத்தலாம். அங்கத்தினர் தாமே எழுத்து மூலம் விரும்பினால், ஒரு பகுதியைக் குடும்பச் சேமிப்பில் வைக்கலாம். அவர் சம்மதமின்றி மற்றவரிடம் கூலியைக் கொடுத்தல் முறையன்று.

4. பூச்சி மருந்து விற்கும் அலுவலர், போதையிலோ மனக் கலக்கத்திலோ வருபவருக்குச் சரக்குத் தராமல் மறுநாள் வரச் சொல்ல வேண்டும். வீட்டாருக்கும் தெரிவிக்க வேண்டும். தேவைக்கு மட்டும் வாங்கிச் செல்லும் வழக்கத்தை ஊக்குவிக்க வேண்டும்.

5. சங்கத்தின் ஆண்டுவிழாவிலும் மகாசபையிலும் விருந்தென்று மது வழங்கும் பேச்சுக்கே இடமளிக்கலாகாது.

6. குடியை விட்டுத் திரும்பியவருக்கும், மனநோய் தெளிந்தவருக்கும் பாவு கொடுக்கத் தயங்கக் கூடாது. வேலை பாதி மருந்து.

7. நோயாளியின் செய்தி நிர்வாகிக்குள்ளேயே நிற்க வேண்டும். தேநீர்க் கடையில் பேசப்பட்டால், அடுத்த நோயாளி வாய் திறக்க மாட்டார்.

ஒருவர் "இனி வாழ்ந்து என்ன" என்று பேசினால், அதனை வெறும் பேச்சென்று தள்ளாதீர்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா, அண்ணாச்சி?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் வளராது, பாரம் இறங்கும். அவரைத் தனியே விடாமல், உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் உதவியும் உண்டு. இத்திட்டம் 1996இல் நாட்டில் நான்கே மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது நம் திருச்சிராப்பள்ளியும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. மத்திய அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைச் சங்க அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் கடன் வட்டி விகிதத்திற்குப் பக்கத்திலேயே எழுதி வைக்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

கூட்டுறவின் முதலீடு பங்குத் தொகை என்பது கணக்குப் புத்தகத்தின் பேச்சு. அதன் உண்மையான முதலீடு அங்கத்தினரே. நூலும் விதையும் கெடாமல் கிடங்கைக் காக்கும் நாம், ஆளையும் கெடாமல் காப்போமாக.